ஆழம் பார்த்துக் காலை விடுங்கள்: ஓப்பன் சோர்ஸ் மோட்டார் கன்ட்ரோலரைக் கையில் எடுப்பதற்கு முன்

மின்சார வண்டியில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே நின்று மின்சாரத்தை அளந்து தருவது கன்ட்ரோலர். என் முதல் கன்ட்ரோலர் போர்டு போனபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. விரலைச் சொடுக்கியது மாதிரி ஒரு 'டிக்'. அப்புறம் கருகல் வாடை. டார்ச் அடித்துப் பார்த்தால், ஆறு மாஸ்ஃபெட்டில் (மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் சிப்கள்) இரண்டின் முதுகில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை. காரணம் பிடிபட நான்கு நாள் ஆனது. போர்டில் கரன்ட்டை அளக்கும் சிறிய ரெசிஸ்டரான ஷன்ட் 0.5 மில்லி ஓம். போர்டின் சிப்பில் நான் ஏற்றிய மென்பொருளான ஃபர்ம்வேரோ அதே போர்டின் பழைய பதிப்புக்கானது. அதில் ஷன்ட் 1 மில்லி ஓம் என்று எழுதியிருந்தது. 100 ஆம்பியர் ஓடினால் மென்பொருளின் கண்ணுக்கு 50தான் தெரியும். நான் 80 ஆம்பியர் வரம்பு வைத்தேன்; அது 160 வரை தள்ளிவிட்டது. ஷன்ட் மாறிய விஷயம் திட்டத்தின் மாற்றக் குறிப்பில் ஒரே ஒரு வரியாக இருந்தது. அதைப் படித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோட்டார் முதல் தடவை மேசைமேல் சுற்ற ஆறு வாரம் பிடித்தது. வண்டியில் பயமில்லாமல் உட்கார இன்னும் ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கன்ட்ரோலரைச் செய்வது எப்படி என்று சொல்ல ஆட்கள் நிறைய. அதற்கு முந்தின கேள்வியை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: இந்த வேலை உங்களுக்கு வேண்டுமா?

1. 'எடுப்பது' என்றால் எது என்று முதலில் சொல்லுங்கள்

மூன்று விதமாக எடுக்கலாம். மூன்றுக்கும் செலவும் தலைவலியும் வேறு வேறு.

முதலாவது, யாரோ செய்து முடித்த போர்டை வாங்கி, திறந்த ஃபர்ம்வேரை (யாரும் எடுத்து மாற்றலாம் என்று வெளியிட்டது) ஏற்றி, உங்கள் மோட்டாருக்கு ஏற்பச் சரிப்படுத்துவது. சால்டரிங் ஏறக்குறைய இல்லை. இரண்டாவது, வெளியிட்ட கோப்புகளை வைத்து போர்டை நீங்களே அடித்து, பாகம் வாங்கி, பொருத்துவது. மூன்றாவது, ஒருவர் பாதியில் விட்டுப்போன திட்டத்தை எடுத்துத் தொடர்வது, அல்லது ஒன்றிலிருந்து கிளை பிரித்து உங்கள் தேவைக்கு மாற்றுவது.

புதிதாக வருகிறவர்கள் மனதில் முதலாவதை நினைத்துக்கொண்டு மூன்றாவதில் போய் மாட்டுகிறார்கள். நானும் அப்படித்தான். 'சின்ன மாற்றம்தானே, கெபாசிட்டரை மட்டும் பெரிதாக்கலாம்' என்று தொடங்குவது. கெபாசிட்டர் (மின்சாரத்தைச் சிறிது தேக்கிவைக்கும் பாகம்) பெரிதானால் போர்டின் வடிவம் மாறும், வடிவம் மாறினால் மாஸ்ஃபெட்டுக்கும் கெபாசிட்டருக்கும் நடுவே உள்ள தூரம் மாறும், அந்தத் தூரம் கூடினால் ஸ்விட்ச் ஆகும் ஒவ்வொரு தடவையும் வோல்டேஜ் முள் (நொடிப்பொழுதில் எழும் உச்சம்) முளைக்கும். அப்புறம் நீங்கள் செய்துகொண்டிருப்பது புது வடிவமைப்பு. பழைய திட்டத்தின் பரிசோதனை முடிவுகள் எதுவும் அதற்குச் செல்லாது.

ஒரு தாளில் எழுதிவையுங்கள்: 'நான் எடுப்பது இரண்டாவது வகை' என்று. மாறும் நாளன்று தேதி போட்டு அடித்து எழுதுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2. மோட்டார், பேட்டரி எண்களை எழுதாமல் திட்டம் தேடாதீர்கள்

வேண்டிய எண்கள் நான்கு.

பேட்டரியின் உச்ச வோல்டேஜ். பெயரளவு வோல்டேஜ் இதற்கு உதவாது. '72 வோல்ட் பேட்டரி' என்பது 20 லித்தியம் அயான் செல் வரிசை என்றால் முழுச் சார்ஜில் 84 வோல்ட். 100 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் போட்ட போர்டில் மிச்சம் 16 வோல்ட். ஸ்விட்ச் ஆகும்போது எழும் முள்ளுக்கும் பிரேக்கில் திரும்பி வரும் மின்சாரத்துக்கும் அதற்குள்தான் இடம். நான் அந்த இடத்தில் 150 வோல்ட் மாஸ்ஃபெட்டுக்குக் குறைந்து போக மாட்டேன். 16 லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் என்றால் பெயரளவு 51.2, உச்சம் 58.4, அங்கே 100 வோல்ட் போர்டு தாராளம்.

இரண்டாவது, ஃபேஸ் கரன்ட், அதாவது மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பியில் ஒன்றில் ஓடுவது. பேட்டரியிலிருந்து வரும் கரன்ட்டும் மோட்டார் கம்பியில் ஓடும் கரன்ட்டும் ஒன்றில்லை. வண்டி மெதுவாக ஏற்றம் ஏறும்போது கன்ட்ரோலர் வோல்டேஜைக் குறைத்துக் கரன்ட்டைக் கூட்டித் தருகிறது. ட்யூட்டி (ஸ்விட்ச் மின்சாரம் விடும் நேரப் பங்கு) 30 சதவீதம், ஃபேஸில் 200 ஆம்பியர் என்றால் பேட்டரியில் சுமார் 60 ஆம்பியர்தான் தெரியும். மீட்டரில் 60ஐப் பார்த்துவிட்டு '100 ஆம்பியர் போர்டு போதும்' என்று முடிவு செய்தவர்கள் போர்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, வெப்பம். ஒரு ஸ்விட்சின் மின்தடை 2 மில்லி ஓம், ஒவ்வொரு ஃபேஸிலும் ஆர்எம்எஸ் (அலையின் பயனுறு சராசரி) 100 ஆம்பியர் என்றால் கடத்துவதில் மட்டும் ஃபேஸுக்கு 20 வாட், மூன்றுக்கும் 60 வாட். 200 ஆம்பியருக்கு அது 120 ஆகாது, 240 ஆகும். மாஸ்ஃபெட் தாளின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் ஆம்பியர், உறை 25 டிகிரியில் இருந்தால் என்ற கணக்கு. ஓடும் வண்டியில் அந்த 25 டிகிரி கிடைக்கவே கிடைக்காது. சூடாக ஆக மின்தடையும் ஏறும்.

நான்காவது, மின்சுழற்சி வேகம். 10 ஜோடி காந்தத் துருவமுள்ள மோட்டார் நிமிடத்துக்கு 6000 சுற்று போனால் மின்சாரம் விநாடிக்கு 1000 தடவை சுழலும், அதாவது 1000 ஹெர்ட்ஸ். கன்ட்ரோலர் 20 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்தால் ஒரு மின்சுற்றுக்கு 20 தடவைதான் திருத்த முடியும். அது ஓடும். துருவ ஜோடி இன்னும் கூடினால் கணக்கை மறுபடி போடுங்கள்.

இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டால் தேடல் சட்டென்று சுருங்கும். ஸ்கேட்போர்டு, சைக்கிள், சிறிய இருசக்கர வண்டி என்றால் பெஞ்சமின் வெட்டர் தொடங்கிய வெஸ்க் குடும்பம். எஸ்டிஎம்32எஃப்405 சிப்பில் ஓடுவது, ஃபர்ம்வேர் ஜிபிஎல் 3 என்ற திறந்த உரிமத்தில் கிடைக்கிறது. காரை மின்சாரத்துக்கு மாற்றுவது என்றால் ஓப்பன் இன்வெர்ட்டர் திட்டம் (இன்வெர்ட்டர் என்பது காரில் கன்ட்ரோலரின் பெயர்). பழைய நிசான் லீஃப், டெஸ்லா போன்ற வண்டிகளின் இன்வெர்ட்டரில் பவர் பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு மூளைப் போர்டை மட்டும் மாற்றுவதற்கு அங்கே வழி இருக்கிறது. கார் நிறுவனம் சோதித்து முடித்த பவர் பகுதி சும்மா கிடைப்பது மாதிரி. 400 வோல்ட் பக்கம் போகிறவர்கள் சொந்தமாக பவர் பகுதி செய்ய நினைப்பதற்கு முன் இதைப் பாருங்கள். சிம்பிள் எஃப்ஓசி, ஆர்டுயினோ என்ற கற்கும் போர்டுக்கான நூலகம் (எழுதிவைத்த நிரல் தொகுப்பு). கற்றுக்கொள்ள அருமை, சாலை வண்டிக்கு அதுவே போதும் என்று எண்ண வேண்டாம். இன்னொரு திட்டமான ஓடிரைவின் பழைய போர்டுகளின் வடிவமைப்பு திறந்திருந்தது; பின்னால் வந்த போர்டுகள் அப்படி இல்லை. 'இந்தப் பெயர் ஓப்பன் சோர்ஸ்' என்று கேள்விப்பட்டால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

3. ஆவணங்கள்: இவை இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்

இந்தப் படியில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவழியுங்கள். எனக்கு ஆன செலவில் பாதி இங்கே மிச்சமாகியிருக்கும்.

ஸ்கீமாட்டிக் (சுற்று வரைபடம்) வேண்டும், அதுவும் திருத்தக்கூடிய வடிவில். பிடிஎஃப் மட்டும் இருந்தால் அது படம். கிகேட் என்ற இலவச மென்பொருளின் கோப்பு என்றால் யாரும் திறக்கலாம். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளின் கோப்பு என்றால் அதன் விலையையும் செலவில் சேருங்கள். கெர்பர் கோப்பு (அச்சகத்துக்குத் தரும் வடிவம்) மட்டும் தந்துவிட்டு 'திறந்தது' என்று சொல்லும் திட்டங்கள் உண்டு. போர்டை அச்சடிக்கலாம், ஒரு தடத்தைக்கூட நகர்த்த முடியாது.

பாகப் பட்டியலில் உற்பத்தியாளர் எண் முழுதாக இருக்க வேண்டும். '10 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்' என்று எழுதியிருந்தால் போதாது. எத்தனை வோல்ட், எந்த வகை, எவ்வளவு ரிப்பிள் கரன்ட் (ஏறி இறங்கும் கரன்ட்) தாங்கும்? செராமிக் கெபாசிட்டரில் வோல்டேஜ் ஏற ஏற அதன் கொள்ளளவு குறையும் என்பது தெரியாமல் விலை குறைந்ததைப் போட்டால், பட்டியலில் 10 இருக்கும், வேலையில் 4 இருக்கும்.

அப்புறம், போர்டுப் பதிப்பும் ஃபர்ம்வேர்ப் பதிப்பும் எது எதோடு சேரும் என்ற அட்டவணை. என் கதையைத்தான் மேலே படித்தீர்களே. இந்த அட்டவணை இல்லாத திட்டத்தில், ஷன்ட் மதிப்பு, வோல்டேஜ் அளக்கும் ரெசிஸ்டர் விகிதம், டெட் டைம் ஆகிய மூன்றையும் போர்டில் பார்த்து, ஃபர்ம்வேரின் கோடில் (நிரலில்) தேடி, இரண்டும் ஒன்றுதானா என்று நீங்களே ஒத்துப்பாருங்கள். டெட் டைம் என்பது மேல் மாஸ்ஃபெட் மூடி, கீழ் மாஸ்ஃபெட் திறப்பதற்கு நடுவே விடும் நானோ விநாடி இடைவெளி. அது குறைந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்து பேட்டரி நேராக ஷார்ட் ஆகும்.

சோதனைப் பதிவு இருக்கிறதா? 'இவ்வளவு ஆம்பியர், இத்தனை நிமிடம், ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இவ்வளவு டிகிரி' என்று ஒரு அட்டவணையோ படமோ. 'நன்றாக ஓடுகிறது' என்பது பதிவில்லை. சக்கரம் அந்தரத்தில் சுற்றும் வீடியோவும் பதிவில்லை. சுமையில்லாமல் எதுவும் சுற்றும்.

கடைசியாக உரிமம். இதைத் தாண்டிப் போகாதீர்கள். உரிமக் கோப்பே இல்லையென்றால் அது பொதுச்சொத்து என்று அர்த்தமில்லை. எல்லா உரிமையும் எழுதியவரிடமே இருக்கிறது, நீங்கள் பார்க்கலாம், அவ்வளவுதான். ஜிபிஎல் என்றால் உங்கள் சொந்த வண்டியில் மாற்றி ஓட்டுவதற்கு யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை. கன்ட்ரோலரை விற்கத் தொடங்கினால், வாங்கியவருக்கு மாற்றிய மூலக்கோடும் கிடைக்கச் செய்ய வேண்டும். ஜிபிஎல் 3 என்றால், வீட்டு உபயோகப் பொருளில் அந்த மாற்றிய கோடை அவரே ஏற்றிக்கொள்ளும் வழியையும் தர வேண்டும். ஹார்டுவேருக்கு வேறு உரிமம் இருக்கும். செர்ன் ஆய்வகம் எழுதிய ஹார்டுவேர் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் மூன்று வகை. கண்டிப்பானதும் உண்டு, தளர்வானதும் உண்டு. 'வணிகத்துக்கல்ல' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிம வகை இருந்தால் பத்து போர்டு அடித்து நண்பர்களிடம் காசு வாங்குவதே சிக்கல். பெயரும் தனி: வெஸ்க் என்பது பதிவு செய்த வணிகப்பெயர். கோடு உங்களுக்கு இலவசம், பெயர் இல்லை.

4. திட்டத்துக்கு உயிர் இருக்கிறதா?

இது அரைமணி வேலை. கடைசி மாற்றம் எப்போது, எத்தனை பேர் எழுதுகிறார்கள், 'போர்டு எரிந்தது' என்று யாராவது எழுதினால் பதில் வருகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒருவரே எழுதியிருந்தால் அவர் வேலை மாறும் நாளில் திட்டம் நின்றுவிடும். அதை வைத்துக்கொண்டே முடிவெடுக்கலாம், தெரிந்திருந்தால் சரி. புகாரே இல்லாத திட்டத்தைவிட, புகாரும் பதிலும் நிறைந்த திட்டம் மேல். மாஸ்ஃபெட் எரியாத மோட்டார் கன்ட்ரோலர் திட்டம் உலகத்தில் கிடையாது. எரிந்ததை மறைக்கிறார்களா, எழுதிவைக்கிறார்களா என்பதுதான் வித்தியாசம்.

5. செலவு: போர்டின் விலை கடைசி வரி

பணத்தை நாணயத்தில் சொன்னால் உங்களுக்குப் பொருந்தாது. அதனால் செய்து முடித்த ஒரு கன்ட்ரோலரின் கடை விலையை '1' என்று வைத்துக்கொள்வோம். என் கணக்கு இப்படி வந்தது.

போர்டும் பாகமும் முதல் தடவைக்கு 1.3. அச்சகத்தில் பெரும்பாலும் ஐந்து போர்டாவது எடுக்க வேண்டும், பாகத்தையும் ஐந்துக்குச் சேர்த்து வாங்கத் தோன்றும். எரிந்தவை, தப்பாக வாங்கியவை, இரண்டாவது போர்டு அச்சு எல்லாம் சேர்ந்து 2.2. கருவிகள் 4க்குப் பக்கம். ஆக ஏழரை. ஏழரை என்ற எண்ணைப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன், பிடித்தது பிடித்ததுதான்.

கருவியில் மிச்சம் பிடிக்கக் கூடாதவை சில உண்டு. கரன்ட் வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளை முதலாவது. அது இருந்திருந்தால் என் முதல் போர்டு பிழைத்திருக்கும். அடுத்தது ஆசிலோஸ்கோப் (வோல்டேஜ் அலையைத் திரையில் காட்டுவது), அதோடு டிஃபரென்ஷியல் புரோபும் (எர்த்தைத் தொடாமல் இரு புள்ளிகளுக்கு நடுவே அளக்கும் முனை) வேண்டும். சாதாரண ஸ்கோப்பின் கருப்புக் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. அதைக் கொண்டுபோய் மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸில் (மின்சாரம் வெளியேறும் கால்; உள்ளே வருவது டிரெயின், திறந்து மூடச் சொல்வது கேட்) மாட்டினால், சுவரிலிருந்து வரும் சப்ளையின் மைனஸும் எர்த்தில் இருக்கும் பட்சத்தில் நீங்கள் மாட்டியது ஒரு ஷார்ட். மேல் கேட் சிக்னலைப் பார்க்கப் போய் மாஸ்ஃபெட்டும் புரோபும் சேர்ந்து போனவர்கள் நிறையப் பேர்.

ஃபியூஸ், கான்டாக்டர் (பேட்டரியைச் சேர்த்துப் பிரிக்கும் பெரிய ஸ்விட்ச்) இரண்டிலும் டிசி வோல்டேஜ் என்ன தாங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். ஏசி ஃபியூஸ் உருகும், ஆனால் உருகிய இடைவெளியில் எரியும் மின்வில் அணையாது. ஏசியில் மின்சாரம் ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்ஜியத்தைத் தொடும். டிசியில் அந்தச் சலுகை இல்லை.

போலி மாஸ்ஃபெட் தனிப் பள்ளம். விலை பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். வந்தவுடன் ஒன்றை எடுத்து, கேட்டுக்கு 10 வோல்ட் கொடுத்து, 10 ஆம்பியர் ஓடவிட்டு, டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே மில்லிவோல்ட்டை அளங்கள். 2 மில்லி ஓம் என்று விற்றது 20 மில்லிவோல்ட் பக்கம் காட்ட வேண்டும். எனக்கு 70 காட்டியது ஒரு கட்டு. விற்றவர் பணத்தைத் திருப்பித் தந்தார், கேள்வி எதுவும் கேட்காமல். அதிலிருந்தே தெரிகிறது.

6. நேரம்: மூன்றால் பெருக்குங்கள்

போர்டு அச்சடித்து வருவது வாரக் கணக்கு. ஒரு பாகம் இருப்பில் இல்லையென்றால் மாதக் கணக்கு. 2021இல் எஸ்டிஎம்32 சிப் கிடைக்காமல் திட்டங்கள் அப்படியே நின்றது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். பாகம் ஆர்டர் செய்வதற்கு முன் போர்டை ஆர்டர் செய்யாதீர்கள். சிப்பின் கால் அமைப்பு மாறினால் போர்டு கோப்பைக்குக் கீழே வைக்கத்தான் ஆகும்.

பொருத்துவதற்கு இரண்டு மாலைப்பொழுது போதும். மோட்டாரின் மின்தடை, இண்டக்டன்ஸ் போன்றவற்றை நல்ல ஃபர்ம்வேர் ஒரு நிமிடத்தில் தானே அளந்துகொள்ளும். நேரத்தைத் தின்பது அதற்குப் பிறகுள்ள 'எப்போதாவது' பிழைகள்தான். எனக்கு ஐந்து வாரம் தின்ற பிழை: பாரம் ஏற்றினால் மட்டும் ஒரு உதறல். மோட்டாரில் காந்தத்தின் நிலையைச் சொல்லும் மூன்று ஹால் சென்சார். அவை சேர்ந்து எட்டு நிலை காட்டலாம், அதில் மூன்றும் 0, மூன்றும் 1 என்ற இரண்டும் வரவே கூடாது. அவை வந்தபடி இருந்தன. ஹால் கம்பியை ஃபேஸ் கம்பியோடு சேர்த்து ஒரே உறையில் அழகாகக் கட்டியிருந்தேன். பிரித்து, ஒரு சாண் தள்ளி ஓடவிட்டதும் உதறல் நின்றது. அழகுக்கு ஐந்து வாரம்.

இன்னொன்று, மென்பொருள் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு. மோட்டார் ஓடும்போது டீபக்கரில் நிறுத்தப் புள்ளி வைக்காதீர்கள். கோடு நிற்கும், ஸ்விட்ச் சிக்னல் தரும் டைமர், நிறுத்தச் சொல்லித் தனியாக அமைக்காவிட்டால், கடைசியாகச் சொன்ன ட்யூட்டியிலேயே போய்க்கொண்டிருக்கும். 20 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒவ்வொரு 50 மைக்ரோ விநாடிக்கும் கரன்ட்டைப் பார்த்துத் திருத்த ஆள் வேண்டும். நீங்கள் திரையில் மாறியின் மதிப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போது அங்கே ஆள் இல்லை.

7. எது போனால் என்ன நடக்கும்? விடை தெரியாமல் எடுக்காதீர்கள்

கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் திட்டத்தின் ஆவணத்திலோ கோடிலோ பதில் தேடுங்கள். பதில் இல்லாதது உங்கள் வேலைப் பட்டியலில் சேரும்.

ஆக்ஸிலேட்டரின் மைனஸ் கம்பி அறுந்தால்? ஹால் ஆக்ஸிலேட்டரில் மூன்று கம்பி: 5 வோல்ட், மைனஸ், சிக்னல். மைனஸ் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட் பக்கம் ஏறிக்கொள்ளும். கன்ட்ரோலர் அதை 'முழு வேகம்' என்று படித்தால் கதை முடிந்தது. சிக்னல் வரம்புக்கு மேலே போனால் அதைப் பிழையாக எடுத்து மோட்டாருக்குத் தரும் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சோதிக்க எளிய வழி: சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஓடும்போதே அந்தக் கம்பியைப் பிடுங்குங்கள். நான் பிடுங்கியபோது சக்கரம் சீறியது. அன்றைக்கு வண்டி ஸ்டாண்டில் இருந்ததற்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

பேட்டரி நிறைந்திருக்கும்போது மோட்டார் பிரேக் பிடித்தால்? பேட்டரியைக் காக்கும் பிஎம்எஸ் போர்டு 'இனிமேல் ஏற்றாதே' என்று கதவைச் சாத்தும். திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் கெபாசிட்டரில் வோல்டேஜ் எகிறும், மாஸ்ஃபெட்கள் போகும். முழுச் சார்ஜில் வீட்டை விட்டுக் கிளம்பியதும் இறக்கம் வருகிறதென்றால் இது முதல் நாளே நடக்கும். வோல்டேஜ் ஏற ஏற பிரேக்கைத் தானே குறைக்கும் வசதி ஃபர்ம்வேரில் இருக்கிறதா பாருங்கள்.

ஃபீல்டு வீக்கனிங் (மோட்டாரின் காந்தப் புலத்தை வலுக்குறைக்கும் வசதி) போட்டு வேகத்தைக் கூட்டியிருக்கும்போது கன்ட்ரோலர் சட்டென்று நின்றால்? அதுவரை அமுக்கி வைத்திருந்த மோட்டாரின் சொந்த வோல்டேஜ் பேட்டரி வோல்டேஜைத் தாண்டி வெளியே பாயும். புதியவர்கள் இந்த வசதியைத் தொடாமல் விடுவது நல்லது.

மாஸ்ஃபெட் ஷார்ட் ஆகிப் போனால்? காந்தம் உள்ள ஹப் மோட்டார் (சக்கரத்துக்குள்ளேயே இருப்பது) தானே பிரேக் ஆகிவிடும். பவரை அணைத்தாலும் விடாது. முன் சக்கரத்தில் ஹப் மோட்டார் வைக்க நினைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

பேட்டரியை நேராகச் சேர்க்கலாமா? கூடாது. கெபாசிட்டர் காலியாக இருக்கும்போது அது ஒரு ஷார்ட்தான். 1000 மைக்ரோ ஃபாரட், 84 வோல்ட் என்றால் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக அரை விநாடியில் 99 சதவீதம் நிரம்பும், கரன்ட் ஒரு ஆம்பியரைத் தாண்டாது. அப்புறம் கான்டாக்டர் ஒட்டட்டும். அணைத்த பிறகும் அந்தக் கெபாசிட்டரில் மின்சாரம் இருக்கும். 84 வோல்ட்டில் சுமார் 3.5 ஜூல், அதே கெபாசிட்டர் 400 வோல்ட்டில் 80 ஜூல், உயிரோடு விளையாடும் அளவு.

60 வோல்ட் டிசியைத் தாண்டினால் பல நாடுகள் ஏற்றுக்கொண்ட, கார் போன்ற வண்டிகளுக்கான ஐ.நா. விதி 100 அதை உயர் வோல்டேஜ் வகுப்பில் வைக்கிறது. காப்பு, எச்சரிக்கைக் குறி, பேட்டரிக்கும் உடற்சட்டத்துக்கும் நடுவே ஒரு வோல்ட்டுக்கு 100 ஓம் காப்புத் தடை என்று எல்லாம் சேரும். முதல் திட்டம் என்றால் 60க்குக் கீழே இருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

8. சாலைக்குப் போகுமா?

சுருக்கமாக: சொந்தமாகச் செய்த கன்ட்ரோலரோடு வண்டியைப் பதிவு செய்யவும் காப்பீடு எடுக்கவும் உங்கள் இடத்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை, பாகம் வாங்குவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது. ஒரு அலுவலகத்தில் 'கொண்டு வாங்க பார்த்துக்கலாம்' என்றார்கள். கொண்டுபோன அன்று அந்த இருக்கையில் வேறொருவர். பதில் வர இரண்டு மாதம் ஆகலாம், ஆகட்டும். அந்த இரண்டு மாதத்தில்தான் அடுத்த படி.

9. முடிவெடுப்பதற்கு முன் இரண்டு வாரம்

பணம் பெரிதாகப் போடாமல் இதைச் செய்து பாருங்கள்.

முதல் வாரம் ஃபர்ம்வேரை மூலக்கோடிலிருந்து நீங்களே கட்டுங்கள். தயார்க் கோப்பைத் தரவிறக்கக் கூடாது. எந்தப் பதிப்பு கம்பைலர் (கோடைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் மென்பொருள்) என்று எழுதாமல் விட்டிருந்தால் இங்கேயே மூன்று நாள் போகும். போனால், அந்தத் திட்டத்தின் மற்ற ஆவணங்களும் அப்படித்தான் இருக்கும். கட்டிய பிறகு கரன்ட் அளவிடும் இடத்தைக் கோடில் தேடிப் பிடித்து, ஷன்ட்டிலிருந்து ஆம்பியர் வரை கணக்கு எப்படிப் போகிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். எழுத முடியவில்லையென்றால் மூன்றாவது வகையாக எடுக்காதீர்கள். முதல் வகையாக எடுக்கலாம், அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாம் வாரம், செய்து முடித்த சிறிய போர்டு ஒன்றைக் கடன் வாங்கியோ விலைக்கோ எடுத்து, கையடக்க மோட்டார் ஒன்றை 24 வோல்ட்டில், சப்ளையில் 2 ஆம்பியர் வரம்போடு சுற்றுங்கள். மேலே சொன்ன ஆக்ஸிலேட்டர் கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள். ஹால் கம்பி ஒன்றைப் பிடுங்குங்கள். ஓடும்போது சப்ளையை அணையுங்கள். ஒவ்வொரு தடவையும் என்ன பிழை எண் காட்டியது, மோட்டார் என்ன செய்தது என்று குறித்துவையுங்கள். இந்தக் குறிப்பு எழுதுவது உங்களுக்குப் பிடித்திருந்தால் இந்த வேலை உங்களுக்கு ஒத்துவரும். எரிச்சலாக இருந்தால், கடைக் கன்ட்ரோலரை வாங்கி வண்டியை ஓட்டுங்கள். வண்டி ஓட்டத்தானே இதெல்லாம்.

எடுப்பது என்று முடிவானால், நிறுத்தும் கோட்டையும் அன்றைக்கே எழுதுங்கள். நான் இப்போது வைத்திருப்பவை மூன்று: காரணம் தெரியாமல் இரண்டாவது போர்டு எரிந்தால் மூன்றாவதைப் பொருத்துவதில்லை. கடை விலையின் நான்கு மடங்கைத் தாண்டினால் ஒரு மாதம் கை வைப்பதில்லை. வீட்டில் வேறு யாரும் அந்த வண்டியை ஓட்டுவதில்லை, சாவி என் பையில்.

என் வண்டி இப்போது ஓடுகிறது. போர்டு தாங்கும் என்று எழுதியிருக்கும் கரன்ட்டில் அறுபது சதவீதத்துக்குமேல் நான் வைக்கவில்லை. ஏற்றத்தில் பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.